குழு செத்துவிட்டதா, அமைதியாக இருக்கிறதா?

நாகர்கோவில் வட்டாரத்தில் இன்று எந்தப் பொழுதுபோக்குக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பறவை பார்ப்பவர்களுக்கு ஒன்று, மாடித்தோட்டம் போட்டவர்களுக்கு ஒன்று, வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு, பழைய நாணயம் சேர்ப்பவர்களுக்கு, வீட்டுக்குப் பின்னால் இரண்டு தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு என்று ஆளுக்கொன்று. எந்தக் குழுவில் இருந்தாலும் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும்: “குரூப் செத்துப் போச்சு. இப்ப யாருக்கும் ஆர்வம் இல்ல.”

அட்மினும் அதை நம்பிவிடுகிறார். குழுவைக் கலைக்கிறார், இல்லையென்றால் ஆள் சேர்த்தால் சரியாகிவிடும் என்று இணைப்பைக் கண்ட இடத்திலெல்லாம் பகிர்கிறார். இரண்டும் பெரும்பாலும் தேவையில்லாத வேலை. நல்ல குழுக்கள் சில இப்படித்தான் இல்லாமல் போயின என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு குழுவின் பேச்சு ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் இருக்கின்றன. கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்வோம். செயல்பாடு என்று இந்தக் கட்டுரையில் நான் சொல்வது, குழுவில் ஒரு நாளில் வரும் பதிவுகளின் எண்ணிக்கையை. ஆர்வம் வேறு. காலை ஆறு மணிக்கு பைனாகுலரோடு தேரூர் குளத்தங்கரையில் நிற்பவர் குழுவில் ஒரு வரிகூட எழுதாதவராக இருக்கலாம். அவருடைய ஆர்வம் எந்தக் கணக்கிலும் வராது.

## முதலில் ஒரு குளம்

நம் மாவட்டத்துக் குளம் எப்படி நிறைகிறது? பேச்சிப்பாறை அணையை வழக்கமாக ஜூனில் திறப்பார்கள். தண்ணீர் சானல் வழியாக வந்து குளத்தில் விழும். மடையைத் திறந்தால் வயலுக்குப் போகும். நிரம்பி வழிந்தால் மறுகால் பாயும். கரையில் நின்று நீர்மட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்பது தெரியாது. மட்டம் குறைந்திருந்தால் சானலில் வரத்து நின்றிருக்கலாம், மடை திறந்திருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு.

குழுவுக்கும் வரத்தும் போக்கும் உண்டு. புதிதாகச் சேர்பவர்கள் வரத்து. போக்கு இரண்டு வகை. குழுவை விட்டு வெளியேறுவது ஒன்று. அது அட்மினுக்காவது தெரிந்துவிடும். இன்னொன்று மியூட் செய்துவிட்டுத் திறந்தே பார்க்காமல் இருப்பது. பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். பெரிய போக்கு இந்த இரண்டாவது வகைதான், அதை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் உறுப்பினர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும்போது பேச்சு இறங்கிக்கொண்டே வருவது சாத்தியமாகிறது. வாட்ஸ்அப் 2022-ல் ஒரு குழுவின் உச்சவரம்பை 256-லிருந்து 512 ஆக்கி, அதே ஆண்டில் 1024 வரை உயர்த்தியது. “எங்க குழுவுல எண்ணூறு பேர்” என்று சொல்ல அது வசதியாக இருக்கிறது. அந்த எண்ணூறில் எத்தனை பேர் இந்த வாரம் குழுவைத் திறந்தார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

## காலத்தின் கணக்கு

பொழுதுபோக்குக்குப் பருவம் உண்டு, அதோடு சேர்ந்து பேச்சுக்கும் பருவம் உண்டு. இதை மறந்துவிடுவதால் வரும் பயம்தான் அதிகம்.

பறவைக் குழுவை எடுத்துக்கொள்வோம். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, உள்ளான் வகைகள் போன்ற வலசைப் பறவைகள் மழைக்காலத்தையொட்டி வர ஆரம்பித்து, வெயில் ஏறும்போது வடக்கே திரும்பிவிடும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. மணக்குடி காயலும் புத்தளத்து உப்பளங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு, பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பு என்று ஜனவரி, பிப்ரவரியில் குழு அலறும். மே மாதம் அதே குழுவில் நாளுக்கு ஒரு படம் வந்தால் பெரிய விஷயம். ஜனவரியை நினைத்துக்கொண்டு மே மாதத்தைப் பார்ப்பவருக்குக் குழு செத்ததுபோலத்தான் தெரியும். மே மாதத்தைப் போன வருஷத்து மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மாடித்தோட்டக் குழு ஆடியில் சூடு பிடிக்கும். ஆடிப்பட்டம் தேடி விதைப்பது பழக்கம் என்பதால் விதைப் பரிமாற்றப் பதிவுகள் அப்போதுதான் குவியும்.

தேனீக் குழுவின் கதை சுவாரசியமானது. மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமப் பணியின் வழியாக நவீனத் தேன்பெட்டி இந்தப் பக்கம் பரவியது. இங்கே முக்கியமான தேன் வரத்து ரப்பர் தோட்டத்திலிருந்து. அதுவும் பூவிலிருந்து இல்லை. இலை உதிர்ந்து தளிர்விடும்போது இலைக்காம்பில் இருக்கும் சுரப்பிகளில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இது நடக்கும். அப்போது குழு அலறும் என்று நினைப்போம். நடப்பது வேறு. தேனெடுப்பில் இருப்பவருக்குப் போனை எடுக்கவே நேரமிருக்காது, கையெல்லாம் மெழுகும் தேனும். அதற்கு முந்தைய மாதங்களில், பெட்டி பிரிக்கும்போதும் ராணி ஈ பற்றிய சந்தேகம் வரும்போதும்தான் பேச்சு ஓடும். செய்யும் பருவமும் பேசும் பருவமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில பொழுதுபோக்குகளில் குழு அமைதியாக இருப்பதே எல்லோரும் வேலையில் மூழ்கியிருப்பதற்கு அடையாளம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். உறுப்பினர் எண்ணிக்கை செயல்பாட்டைக் காட்டாது. செயல்பாடு ஆர்வத்தைக் காட்டாது. பருவத்தால் வரும் இறக்கம் தானே ஏறிவிடும், அதற்கு மருந்து தேவையில்லை.

## பேச்சு பேச்சைக் கூப்பிடும்

பருவத்தால் விளங்காத இறக்கமும் இருக்கிறது. நல்ல டிசம்பர் மாதம், காயலில் பறவை கொட்டிக் கிடக்கிறது, யாரும் வெளியேறவில்லை. ஆனாலும் குழுவில் பேச்சு பாதியாகிவிட்டது. இதற்குக் குளத்தின் கணக்கு உதவாது. தண்ணீர் தண்ணீரைக் கூப்பிடாது. பேச்சு பேச்சைக் கூப்பிடும்.

குழுவில் வரும் பதிவுகளை இரண்டாகப் பிரிக்கலாம். யாரும் கேட்காமலே ஒருவர் போடுவது தொடக்கப் பதிவு: “காலையில மணக்குடியில பூநாரை” என்று ஒரு படம். அதைப் பார்த்து மற்றவர்கள் எழுதுவது தொடர் பதிவு: “எத்தனை இருந்துச்சு?”, “பாலத்துக்கு எந்தப் பக்கம்?”, “நாளைக்கு நானும் வர்றேன்”. அந்தத் தொடர் பதிவுகளைப் பார்த்து இன்னும் சில வரும்.

ஒரு பதிவு சராசரியாக எத்தனை புதிய பதிவுகளை வரவழைக்கிறதோ அதைத் தூண்டல் விகிதம் என்று வைத்துக்கொள்வோம். தொற்றுநோய் பரவுவதைக் கணக்கிடுபவர்கள் ‘ஒருவரிடமிருந்து எத்தனை பேருக்கு’ என்று கேட்பார்களே, அதே கணக்குதான். பத்துப் பதிவுகளுக்குச் சேர்த்து ஒன்பது புதிய பதிவுகள் வந்தால் விகிதம் 0.9.

இனி கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் பத்துத் தொடக்கப் பதிவுகள். விகிதம் 0.9 என்றால் அந்தப் பத்திலிருந்து ஒன்பது, ஒன்பதிலிருந்து எட்டு சொச்சம், அதிலிருந்து ஏழு சொச்சம் என்று குறைந்துகொண்டே போய், எல்லாவற்றையும் கூட்டினால் 100 வரும். விகிதம் 0.8 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து, எட்டு, ஆறரை, ஐந்து என்று சீக்கிரமே தேய்ந்துவிடும். மொத்தம் 50. விகிதம் 0.5 என்றால் மொத்தமே 20 தான்.

இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது 0.9-க்கும் 0.8-க்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி. பத்துப் பதிவில் ஒரே ஒரு பதில் குறைந்திருக்கிறது. அதுவரை ‘சூப்பர் சார், எங்கே எடுத்தீங்க?’ என்று கேட்டவர் இன்று கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான். மொத்தப் பேச்சு பாதியாகிவிட்டது. யாருக்கும் ஆர்வம் குறையவில்லை, யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. காரணம் இத்தனை சிறியது என்பதால்தான் அதை யாராலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. உடனே ‘ஆர்வம் போச்சு’ என்ற பெரிய காரணத்தைத் தேடிப் போகிறோம்.

விகிதம் ஒன்றைத் தாண்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பதிவும் ஒன்றுக்கு மேல் வரவழைக்கும், பேச்சு கட்டுக்கடங்காமல் பெருகும். தேர்தல் நேரத்தில் மாடித்தோட்டக் குழுவில் யாரோ ஒரு மீமைப் போட்டுவிட்டால் நடப்பது அதுதான். ஆட்கள் சலிக்கும்வரை, அல்லது அட்மின் ‘அட்மின்கள் மட்டும் எழுதலாம்’ என்று மாற்றும்வரை ஓடும். செயல்பாடு உச்சத்தில் இருக்கும் அந்த நாளில்தான் பாகற்காய்க்குப் பந்தல் போடுவது பற்றிக் கேட்க வந்தவர் மியூட் செய்துவிட்டுப் போகிறார். பேச்சு கூடுவது எல்லாமே நல்லதற்கு இல்லை.

## மூன்று பேர் தோளில்

தொடக்கப் பதிவுகளை யார் போடுகிறார்கள்? எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் என்று நினைத்தால் தவறு. இணையக் குழுக்களில் பெரும்பாலும் நூறில் 90 பேர் படிக்க மட்டும் செய்கிறார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதுகிறார் என்று இணையதளப் பயன்பாட்டை ஆராயும் நிபுணர் யாக்கோப் நீல்சன் 2006-ல் எழுதினார். இது தோராயமான கணக்கு. குழுவுக்குக் குழு மாறும். ஆனால் இந்தச் சாய்வு ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கிறது.

படிக்க மட்டும் செய்பவர்களை அமைதி உறுப்பினர்கள் எனலாம். அவர்களைக் குறை சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவர்கள். அவர்கள் படிக்கிறார்கள் என்பதற்காகத்தான் அந்த ஒருவர் எழுதுகிறார்.

முந்நூறு பேர் இருக்கும் குழு உண்மையில் மூன்று பேர் தோளில் நிற்கிறது என்று இதற்கு அர்த்தம். அந்த மூவரில் ஒருவருக்கு இடமாற்றம், வீட்டில் கல்யாணம், கண் ஆபரேஷன் என்று ஏதாவது வரட்டும். தொடக்கப் பதிவு பத்திலிருந்து ஏழாகிவிடும். பதில் எழுதுவதிலும் அவர்தான் முந்துபவர் என்பதால் விகிதமும் 0.9-லிருந்து 0.8-க்கு இறங்கும். நூறு வந்த இடத்தில் இப்போது 35. ஒரே ஒரு மனிதர் இரண்டு மாதம் வீட்டு வேலையில் இருந்ததற்கு முந்நூறு பேர் மேல் ‘ஆர்வமில்லை’ என்று பழி விழுகிறது.

## முதல் பதிவுக்கு யார் பதில் சொன்னார்கள்?

அந்த மூவருக்குப் பிறகு நான்காவது ஆள் எங்கிருந்து வருவார்? அமைதி உறுப்பினர்களிலிருந்துதான். ஒருநாள் துணிந்து முதல் பதிவைப் போடுவார். அந்தப் பதிவுக்கு என்ன நடக்கிறது என்பதை எந்தக் குழுவிலும் நான் கூர்ந்து பார்ப்பேன். குழுவின் வருங்காலம் அதில்தான் தெரியும்.

ஒரு காட்சி. கல்லூரிப் பையன் ஒருவன் மங்கலான படம் ஒன்றைப் போடுகிறான். வயல் வரப்பில் கருஞ்சிவப்பு முதுகோடு ஒரு பறவை. “இது என்ன பறவை? ரேர்தானே?” அனுபவசாலிகளுக்குப் பார்த்த உடனே தெரியும், அது மடையான். நாள்தோறும் பார்க்கும் மண்நிறக் கொக்கு, இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் முதுகில் இப்படி நிறம் மாறி நிற்கிறது. மூன்று விதமாக இது முடியலாம். யாருமே பதில் சொல்லாமல், அடுத்த ஐந்து நிமிடத்தில் நான்கு ‘காலை வணக்கம்’ படங்கள் வந்து அது மேலே போய்விடலாம். “மடையான்” என்று ஒற்றைச் சொல் வரலாம். அல்லது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படி எழுதலாம்: “மடையான்தான் மக்ளே. இந்தச் சமயத்துலதான் முதுகு இப்படிச் செவக்கும், நல்லா கவனிச்சிருக்கே. எந்தக் கொளம்? கூடு கட்டுதான்னு நாளைக்கு ஒருக்கப் பாரு.”

மூன்றாவது பதிலில் ஒரு கேள்வி இருக்கிறது. பையன் பதில் சொல்லியாக வேண்டும், நாளை மறுபடி போய்ப் பார்க்கவும் வேண்டும். அந்தக் குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேறு ஒருவரும் வாய் திறப்பார். தூண்டல் விகிதம் ஏறுவது இப்படித்தான்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. முதல் பதிவுக்குப் பதில் கிடைத்தவர்கள் மறுபடி எழுதுவதற்கான வாய்ப்பு, பதில் கிடைக்காதவர்களைவிட அதிகம் என்று அது கண்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து தொகுப்பவர்களின் எண்ணிக்கை 2007-ல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. ஏன் என்று ஆராய்ந்து 2013-ல் வந்த கட்டுரை காட்டிய காரணங்களில் முக்கியமானது, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் வேலை அடிக்கடி நிராகரிக்கப்பட்டது. தரம் காக்க வைத்த விதிகளும் தானியங்கிக் கருவிகளும் புதியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டன. நம் ஊர்க் குழுவில் ‘ஏற்கெனவே கேட்டாச்சு, மேலே போய் பாருங்க’ என்று ஒருவர் எழுதுவதும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

இரண்டு பகுதியையும் சேர்த்தால், மொத்தப் பேச்சு தொடக்கப் பதிவுகளையும் தூண்டல் விகிதத்தையும் பொறுத்தது. தொடக்கப் பதிவு சில பேர் கையில் இருக்கிறது. விகிதம், பதில் எழுதும் விதத்தில் இருக்கிறது.

## ஆள் கூடினால் பேச்சு கூடுமா?

ஓரளவுவரை கூடும். முப்பது பேர் இருக்கும் குழுவில் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தவர் இல்லாமல் போகலாம். முந்நூறில் ஒருவராவது இருப்பார். ஆனால் பெரிய கூட்டத்தில் இரண்டு விஷயம் நடக்கும். விடை தெரிந்தவர் ‘வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்’ என்று இருந்துவிடுவார். கேட்க நினைப்பவர், இத்தனை பேர் முன்னால் தப்பாகக் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று கூச்சப்படுவார். இரண்டும் விகிதத்தைத்தான் இறக்கும்.

சேரும் வேகமும் முக்கியம். அமெரிக்காவில் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிய கல்லூரி மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் வருவார்கள். கொஞ்ச நாள் கலாட்டா இருக்கும், அப்புறம் பழையவர்களைப் பார்த்துப் பழக்கவழக்கத்தைக் கற்றுக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் வீட்டு இணைப்பு பரவியதும் ஆண்டு முழுவதும் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், கற்றுக்கொடுக்க அவகாசமே கிடைக்கவில்லை. ‘முடிவில்லாத செப்டம்பர்’ என்று 1993-ஐ இன்றும் குறிப்பிடுகிறார்கள். இணைப்பை எல்லா இடத்திலும் பகிர்ந்து ஒரே வாரத்தில் இருநூறு பேரைச் சேர்க்கும் அட்மின் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

## வெளியே மாறுவது

சில இறக்கங்களுக்குக் குழு பொறுப்பே இல்லை. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது, யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். கூடிப் பேசிய இடமே போய்விட்டது. பாதிப் பேர் வேறு இடத்துக்கு வந்தார்கள், மீதிப் பேர் வரவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மாடித்தோட்டக் குழுக்கள் பொங்கி வழிந்தன, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். வேலைக்குத் திரும்பியதும் வடிந்தன. அந்த 2020-ஐ இயல்பு என்று எடுத்துக்கொண்டால் அதற்குப் பிறகு வந்த எல்லா ஆண்டும் வீழ்ச்சியாகத்தான் தெரியும்.

இப்போது நடக்கும் மாற்றம் இன்னும் ஆழமானது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி படத்தைக் காட்டினால் பெயர் சொல்கிறது, 2021 முதல் குரலைக் கேட்டும் சொல்கிறது. ‘இது என்ன பறவை?’ என்பதுதான் பறவைக் குழுக்களில் மிக அதிகமாக வந்த தொடக்கப் பதிவு. அந்தக் கேள்வி இப்போது குழுவுக்கு வருவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. மென்பொருள் எழுதுபவர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு புதிய கேள்விகள் பெருமளவு குறைந்ததும் இதே வகைதான்.

இதனால் குழுக்களுக்கு வேலை இல்லாமல் போகும் என்று நான் நினைக்கவில்லை. நேற்று பெய்த மழையில் வேம்பனூரில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, எந்தக் கரையில் சேறு தெரிகிறது, நாளைக்கு யார் வண்டியில் யார் வருகிறார்கள் என்பதைச் செயலி சொல்லாது. பெயர் கேட்கும் கேள்விகள் குறைந்த இடத்தில் இந்த வகைப் பதிவுகள் வர ஆரம்பித்த குழுக்கள் உயிரோடு இருக்கின்றன. எண்ணிக்கை முன்பைவிடக் குறைவு, சொல்லப்படும் விஷயம் முன்பைவிட நெருக்கமானது.

## உங்கள் குழுவை எப்படிப் பார்ப்பது?

உண்மையிலேயே முடிந்துபோகும் குழுக்களும் உண்டு. பருவம் வந்தும் பேச்சு வரவில்லை, தொடக்கப் பதிவு போடுபவர் ஒரே ஒருவர்தான், அவருக்கும் பதில் இல்லை. இப்படி ஒரு முழு ஆண்டு போனால் கலைப்பதில் தவறில்லை. அதற்கு முன்னால் அவசரப்பட வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் குழுவின் உரையாடலை ஏற்றுமதி செய்து ஒரே கோப்பாக எடுக்கலாம். போன வருஷம் இதே மாதத்தைத் தேடிப் பார்த்து, பதிவுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அன்று அதிகம் எழுதிய மூன்று பேர் இன்றும் எழுதுகிறார்களா என்று பாருங்கள். ஒருவர் காணாமல் போயிருந்தால் குழுவில் அறிவிப்பு போடாமல் அவருக்குத் தனியாகப் போன் செய்து நலம் விசாரிப்பது மேல்.

கடைசியாகப் புதியவர்களின் முதல் பதிவுகளைத் தேடி எடுங்கள். இது கொஞ்சம் நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் செய்ய வேண்டிய வேலை. பதில் இல்லாமல் கிடப்பவை கண்ணில் படும். அவற்றில் இன்னும் விடை தேவைப்படும் கேள்விக்கு இப்போதுகூட பதில் எழுதலாம், மூன்று மாதம் கழிந்திருந்தாலும் பரவாயில்லை. பொதுவாக எழுதாமல் அந்தப் பதிவையே இழுத்துக் குறிப்பிட்டு எழுதுங்கள். குழுவை மியூட் செய்துவிட்டவருக்கும் தன் பதிவுக்கு வந்த பதில் என்றால் பெரும்பாலும் அறிவிப்பு போகும். எழுதும்போது கடைசியில் ஒரு கேள்வியும் இருக்கட்டும்: அந்தப் பறவை இப்பவும் அங்கே இருக்கா?